மயக்கம் வேண்டாம் என்றவர்

என் அக்கா புருஷன் லிஃப்ட் மெக்கானிக். எனக்கு அவர் மாமா. கட்டடத்தில் மற்ற எல்லாருக்கும் லிஃப்ட்காரர். ஊரில் எத்தனையோ கட்டடங்களில் ஜனங்கள் சொகுசாக ஏறி இறங்குவது அவர் புண்ணியத்தில்தான். ஆனால் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அவர் வீடு நாலாவது மாடி, என் வீடு இரண்டாவது. "ஊருக்கெல்லாம் லிஃப்ட், உங்களுக்கு மட்டும் முட்டிவலியா மாமா?" என்று நான் சீண்டுவேன். "இறங்குறதுக்கு எதுக்கும்மா லிஃப்ட்? உருண்டா போதும்" என்பார்.

சிரித்துக்கொண்டு சொல்வாரே தவிர, ஒரு காலத்தில் நிஜமாகவே உருண்டிருக்கிறார். அப்படிக் குடித்தார். அந்தக் குடியில் வீடு நடக்காமல்தான் அக்கா வெளியூரில் ஒரு பெண்கள் விடுதியில் வார்டன் வேலைக்குப் போனாள். மாதம் ஒரு தடவை வருவாள். மகள் அப்போது சின்னப் பெண், பள்ளிக்கூடத்தை மாற்ற முடியாமல் அப்பாவோடு இருந்துவிட்டாள். அவளைப் பாப்பா என்று கூப்பிட்டே பழகிவிட்டோம். இப்போது கல்லூரிக்குப் போகிறாள், என்னைவிட அரை அடி உயரம், இன்னும் பாப்பாதான்.

குடியை ஏன் விட்டார் என்பதற்குச் சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். சாமி காப்பாற்றியது என்பார்கள், அக்காவின் பொறுமை என்பார்கள். அவரைக் கேட்டால், "ஒருநாள் போகல. மறுநாளும் போகல. இன்னிக்கும் போகல" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. இதெல்லாம் நடந்து ஆறேழு வருஷம் ஆகிவிட்டது. அக்காவுக்கு வேலை பிடித்துப்போய் அங்கேயே தொடர்கிறாள். வீட்டில் அப்பாவும் மகளும்தான். அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் சண்டை கிடையாது.

பல்வலி வந்தது வேலையில் இருக்கும்போது. லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்றுகொண்டு, இரண்டு கையாலும் ஸ்பானரைப் பிடித்து, சின்ன டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு வேலை செய்வது அவர் வழக்கம். அன்றைக்கு டார்ச்சைக் கவ்வியதும் கீழ்த்தாடையிலிருந்து காதுவரை யாரோ கம்பியைச் செருகியது போல இருந்ததாம். வாய் தானாகத் திறந்து, டார்ச் கீழே போய்விட்டது. அதற்குப் பிறகு உப்புத் தண்ணீர் கொப்பளித்தார், கிராம்பு எண்ணெய் வைத்தார், பூண்டை நசுக்கி வைத்து ஈறைப் புண்ணாக்கிக்கொண்டார். எந்த வலிக்கும் 'பல்லைக் கடித்துக்கொண்டு பொறு' என்று சொல்லலாம். இந்த வலிக்கு அதையும் சொல்ல முடியாது.

கூட வேலை பார்ப்பவர் புதிதாகச் சேர்ந்தவர், பழைய கதை தெரியாதவர். "பஞ்சுல ரெண்டு சொட்டு பிராந்தி நனைச்சு வெச்சு கடிங்கண்ணே, உடனே கேக்கும்" என்று நல்ல மனதோடு நனைத்தே கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டார். மாமா அந்தப் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றிருக்கிறார். பிறகு லிஃப்ட் குழிக்குள் எறிந்துவிட்டு, கிரீஸ் போக்கும் சோப்பால் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாராம். அன்று மாலை நேராக என் வீட்டுக்கு வந்தார். "நாளைக்கு என்னை ஒரு பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போம்மா. பாப்பாகிட்ட சொல்லாதே, பரீட்சைக்குப் படிக்கிறா" என்றார். கன்னம் ஒரு பக்கம் வீங்கிப் பளபளவென்று இருந்தது.

கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தப் பல் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்தார். கடைசி ஞானப்பல் தாடை எலும்புக்குள் படுக்கைவாட்டில் புதைந்து, பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் சீழ்.

"ரெண்டு வழி இருக்கு" என்றார் டாக்டரம்மா. "அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வெச்சுப் பண்ணலாம். இல்லைன்னா அதோட சேர்த்துக் கையில ஒரு ஊசி போட்டு அரைத்தூக்கத்துல வெச்சும் பண்ணலாம். லேசா மிதக்குற மாதிரி இருக்கும், கவலையே தெரியாது."

"மயக்கம் வேண்டாம்" என்றார் மாமா, அவர் முடிப்பதற்குள்.

"ஏன், ஏதாவது ஒத்துக்காதா?"

"அதெல்லாம் இல்ல."

"குடிக்கிற பழக்கம் உண்டா?"

"இல்ல."

பொய் இல்லைதான். அவர் என் பக்கம் திரும்பவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

மரத்துப்போகும் ஊசி போட்டார்கள். உதடு மரத்தது, நாக்கு ஒரு பக்கம் மரத்தது. பல் மட்டும் மரக்கவில்லை. ஆயுதம் பட்டதும் மாமா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். இன்னொரு ஊசி. மறுபடியும் அதே கதை. ஈறைக் கீறிச் சீழை மட்டும் எடுத்தார்கள். அதற்குள் அவர் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது, ஒரு சத்தம் வெளியே வரவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"சீழ் இருக்குற இடத்துல இந்த மருந்து சரியாப் பிடிக்காது" என்றார் டாக்டரம்மா. "மாத்திரை சாப்பிட்டு அடுத்த வாரம் வாங்க. எலும்பைக் கொஞ்சம் ராவ வேண்டியிருக்கும். அந்த அரைத்தூக்க ஊசியைப் பத்தி யோசிச்சு வைங்க. எதுக்கும் வெறும் வயித்தோட வாங்க."

வாயில் பஞ்சை வைத்து, பேசக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ராத்திரியெல்லாம் தூங்காதவர், காலையிலிருந்து சாப்பிடாதவர். தெருவில் நடக்கும்போதே தள்ளாடினார். கட்டட வாசலுக்கு வந்ததும், "நீங்க மேல போங்க மாமா, நான் மருந்துக்கடைக்குப் போயிட்டு வந்துடறேன்" என்றேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

மாத்திரையோடு நாலாவது மாடிக்கு நான் போனபோது கதவு திறந்தே கிடந்தது. மாமா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். காலில் செருப்பில்லை, யாரோ கழற்றிச் சுவரோரமாக வைத்திருந்தார்கள். தலையணை ஒருக்களித்துப் படுக்க வாகாக இழுத்துப் போடப்பட்டிருந்தது. முதுகுப் பக்கம் புரளாமல் இருக்க இன்னொரு தலையணை. கட்டிலுக்குக் கீழே கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு வாளி. அடியில் நாலு விரல் தண்ணீர், வாந்தி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க. ஸ்கூட்டர் சாவி வழக்கமாகத் தொங்கும் ஆணியில் இல்லை. உள் அறை தாழ்ப்பாள் போட்டிருந்தது.

பாப்பா கல்லூரியிலிருந்து சீக்கிரம் வந்திருக்கிறாள். வேலை நேரத்தில் வீட்டுக்கு வந்து நிற்கும் அப்பாவைப் பார்த்திருக்கிறாள். தொங்கிப்போன உதடு, ஒழுகும் எச்சில், தள்ளாட்டம், மேலே ஸ்பிரிட் வாசனை. பல்வலிக்குப் பழைய மருந்தையே தேடிப் போய்விட்டார் என்று நினைத்துவிட்டாள். அவர் என்னவோ சொல்ல முயன்றிருப்பார், குழறியிருக்கும். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அவருக்குப் பல் போவதற்கு முன்பே சொல் போய்விட்டது.

அவள் திட்டவில்லை, அழவில்லை. பத்து வயதில் செய்துகொண்டிருந்த வேலையை அதே வரிசையில் செய்து முடித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார் மாமா. கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. என்னைப் பார்த்ததும் வாயை விரலால் காட்டினார். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் உள் அறைக் கதவை ஓங்கித் தட்டினேன்.

"பாப்பா, திறடி! உங்கப்பா பல் டாக்டர்கிட்ட போயிட்டு வர்றாருடி! நான்தான் கூட்டிட்டுப் போனேன். மரத்துப்போற ஊசி போட்டிருக்கு, அதான் குழறுது!"

பிறகு தாழ்ப்பாள் நகர்ந்தது. வந்தாள், அப்பா முன்னால் குனிந்தாள். "வாயைத் திறங்க" என்றாள். செல்போன் வெளிச்சத்தில் பார்த்தாள். ரத்தம் ஊறிய பஞ்சு தெரிந்திருக்கும். வாளியை எடுத்துக்கொண்டு போய்க் குளியலறையில் கவிழ்த்துவைத்துவிட்டு, சாவியை ஆணியில் மாட்டினாள். மன்னிப்புக் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? அந்த வேலையை அவளாக விரும்பியா கற்றுக்கொண்டாள்?

வீக்கம் வடிந்ததும் மாமா என் வீட்டுக்கு வந்தார். நான் தைத்துக்கொண்டிருந்தேன். எதிரில் உட்கார்ந்து, "டாக்டரம்மாகிட்ட சொல்லிடு. மயக்கமும் வேண்டாம், மரத்துப்போற ஊசியும் வேண்டாம். அப்படியே எடுக்கச் சொல்லு" என்றார்.

"பைத்தியமா பிடிச்சிருக்கு மாமா? எலும்பை ராவப் போறாங்க!"

"ராவட்டும். அந்த மாதிரி அவ முன்னாடி இன்னொரு தடவை போய் நிக்க என்னால முடியாது."

தையல் மெஷினை நிறுத்தினேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அது மட்டும் இல்லம்மா. லேசா மிதக்குற மாதிரி இருக்கும், கவலையே தெரியாதுன்னு அந்தம்மா சொன்னாங்க இல்ல? அதைக் கேட்டதும் எனக்கு வாய் ஊறிச்சு. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும். வலிக்கு நான் பயப்படல. அது பிடிச்சுப் போயிடுமோன்னுதான் பயம்."

சூடுபட்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்று சொல்வது சுலபம். பூனைக்கு அடுப்பங்கரையின் ருசியும் ஞாபகம் இருக்குமே, அதை யாரும் சொல்வதில்லை. வாசலில் நிழல் தெரிந்தது. மிளகாய்ப்பொடி கடன் வாங்க வந்த பாப்பா, கிண்ணத்தோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது.

"நானும் வர்றேன்" என்றாள். "நீங்களே டாக்டர்கிட்ட சொல்லுங்கப்பா, இப்போ சித்திகிட்ட சொன்னதை."

மறுவாரம் மூன்று பேரும் போனோம். டாக்டரம்மா பக்கத்தில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரும் இருந்தார், நரைத்த தலை, மெதுவான பேச்சு. "என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?" என்று கேட்டார். மாமா மகளைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள்.

"போன தடவை ஒண்ணு சொல்லல" என்றார் மாமா. "நான் குடிகாரன். விட்டு ஆறேழு வருஷம் ஆச்சு. ஆனா குடிகாரன்தான்."

அந்த டாக்டர் ஆச்சரியப்படவில்லை, உபதேசமும் பண்ணவில்லை. "சொன்னது ரொம்ப நல்லது" என்றார். "எந்த மருந்து, எவ்வளவுங்கிறது இதைப் பொறுத்துத்தான் முடிவு பண்ணணும். வலிக்கு வீட்டுக்குத் தர்ற மாத்திரையும் பழக்கமாகாத வகையாப் பார்த்துத் தர்றோம். இந்த ஊசி இங்கேயே முடிஞ்சுடும், வீட்டுக்கு வராது. ஆனா கட்டாயம் கிடையாது. இப்போ சீழ் வத்திடுச்சு, மரத்துப்போற ஊசி மட்டும் போட்டாலே பிடிக்கும். வலி இருக்காது; ராவுற சத்தமும் அழுத்தமும் தெரியும், நேரமும் ஆகும். ரெண்டும் சரியான வழிதான். உங்க இஷ்டம்."

பாப்பா கேட்டாள்: "மயக்க ஊசி போட்டா, எந்திரிக்கும்போது குழறுமா?"

"குழறும், தள்ளாடும், சொன்னதையே திரும்பச் சொல்லுவாங்க. கூடவே ஒருத்தர் இருந்து பார்த்துக்கணும்."

நான் இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள், "நான் பார்த்துக்குவேன். எனக்குப் பழக்கம்தான்" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த ஒரு வேலையைத் தெரியும் என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

மாமா கண்ணை மூடிக்கொண்டார். அவர் மறுத்துவிடுவார் என்றே நினைத்தேன். ஆனால் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "போடுங்க. அவ இருக்கா" என்றார்.

உள்ளே ராவும் சத்தம் எங்களுக்குத்தான் கேட்டது. பாப்பா புத்தகத்தைப் பிரித்து வைத்திருந்தாளே தவிர பக்கம் திருப்பவில்லை. நர்ஸ் வந்து கூப்பிட்டதும், எனக்கு முன்னால் எழுந்து போனாள்.

பக்கத்து அறையில் சாய்வு நாற்காலியில் கிடந்தார். கண் பாதி திறந்திருந்தது, உதடு தொங்கியது, கன்னத்தில் எச்சிலும் ரத்தமும். பாப்பா டிஷ்யூ எடுத்துத் துடைத்தாள். அவர் அவள் முகத்தைத் தேடிப் பிடித்து, பஞ்சோடு குழறினார்: "பாப்பா... நான் குடிக்கலம்மா."

நர்ஸ் சிரித்தாள். "மயக்கத்துல எல்லாரும் ஏதாவது உளறுவாங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குடித்த காலத்திலும் அவர் தினமும் சொன்ன வாக்கியம் இதுதான். படியில் அவரைத் தாங்கிக்கொண்டு ஏறும்போது அந்தச் சின்னப் பெண் ஒவ்வொரு தடவையும், "சரிப்பா, சரிப்பா" என்பாள். என் வீட்டு வாசலைத் தாண்டும்போது கேட்டிருக்கிறேன். நம்பாதவர்கள் சொல்லும் சரி அது.

"குடிக்கலம்மா" என்றார் மறுபடியும்.

"தெரியும்பா" என்றாள்.

சொன்னதை மறந்துவிட்டு மூன்றாவது தடவையும் சொன்னார், நாலாவது தடவையும் சொன்னார். அவள் சலித்துக்கொள்ளவில்லை. அவர் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, காதோரமாகக் குனிந்தாள்.

"தெரியும்பா. நான்தான் கூட இருந்தேனே."