சிவப்பு நூல் கட்டிய கேபிள்

"மஞ்சள், படம் பாக்குறத நிப்பாட்டுங்க," என்று படிக்கட்டின் உச்சியில் நின்று கீழே குரல் கொடுக்கிறார் ராஜலிங்கம். மஞ்சள் என்பது அவருடைய மனைவி கிருஷாந்தி.

குண்டசாலையில் சரிவில் கட்டிய வீடு. வாசல் ரோட்டு மட்டத்தில் இருக்க, மற்ற இரண்டு மாடிகளும் அதற்குக் கீழே இறங்குகின்றன. இணைய இணைப்பு ஒன்றுதான். அது வந்து சேர்வது மேலே, ஹாலில். கொங்கிரீட்டைத் தாண்டி வைஃபை இறங்காது. அதனால் மூன்று கேபிள்கள், அடையாளத்துக்கு நூல் கட்டி, படியோரமாகக் கீழே போகின்றன: மனைவிக்கு மஞ்சள் கம்பளி நூல், மகள் நிஷாந்தினிக்கு நீலம், அடி மாடியில் வாடகைக்கு இருக்கும் யாழ்ப்பாணத்துத் திலீபனுக்குப் பச்சை. நான்காவது கேபிள் ஹாலிலேயே அவருடைய மேசைக்குப் போகிறது. அதில் சிவப்பு நூல்.

மாநகர சபையில் குடிநீர்ப் பகுதிக் கிளார்க் அவர். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் என்று அட்டவணை போட்ட கை, வீட்டிலும் சும்மா இருப்பதில்லை. "எல்லாம் ஒரே பைப்புதானுங்க. ஒருத்தர் தொறந்தா இன்னொருத்தருக்குச் சொட்டும்," என்பார்.

"செவப்பு மட்டும் எந்த நாளும் தொறந்தே இருக்கும்," என்பார் கிருஷாந்தி.

உண்மைதான். அவர் கடுகண்ணாவை ஏற்றத்தில் ரயில்களைப் படமெடுத்து யூடியூபில் ஏற்றுகிறார். முப்பத்தெட்டுப் பேர் பார்க்கிறார்கள். நானும் ஒன்று பார்த்தேன், ரயில் நீளமானது. அவரை நியாயஸ்தர் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு.

போன சனிக்கிழமை பத்து மணிக்கு நிஷாந்தினிக்குக் கொழும்புக் கம்பனியொன்றின் நேர்முகத் தேர்வு, கணினி வழியாக. மூன்று மாதமாகக் காத்திருந்த அழைப்பு. பத்து நிமிடம் முன்பே ராஜலிங்கம் மஞ்சளையும் பச்சையையும் கழற்றிவிட்டார். அப்படியும் கீழிருந்து குரல் வந்தது: "அப்பா, அவங்க பேசுறது எனக்கு நல்லா கேக்குது. நான் பேசுறதுதான் அவங்களுக்கு விட்டு விட்டுக் கேக்குதாம்."

"பச்ச, நீங்களா தம்பி?" என்றார், தானே கழற்றியதை மறந்து.

திலீபன் படியேறி வந்தான். "நான் லைனிலயே இல்லை அண்ணை. உங்கடதுதான் ஓடுது."

மேசையில், விடியற்காலையில் தொடங்கிய ரயில் தொண்ணூற்று நான்கு சதவீதம் ஏறியிருந்தது. கழற்றினால் மறுபடி முதலிலிருந்து.

"நான் ஏத்துறேன் தம்பி, எறக்கல்லியே. பைப்புல தண்ணி வீட்டுப் பக்கந்தானே வரும்?"

"தங்கச்சியின்ர முகமும் குரலும் இங்கயிருந்து ஏறித்தானே அண்ணை போகோணும்?"

ராஜலிங்கம் திரையைப் பார்த்தார். தொண்ணூற்றைந்து. "இன்னும் கொஞ்சம்தான்," என்றார், யாரிடமென்று இல்லாமல். கீழே நிஷாந்தினி ஒரே பதிலை மூன்றாம் முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர் சிவப்பைக் கழற்றினார்.

சற்று நேரத்தில் அவளுடைய குரல் தடங்கலில்லாமல் மேலே வரத் தொடங்கியது. நடுவில் ஒரு சிரிப்புக்கூட. ராஜலிங்கம் மேல்படியில் உட்கார்ந்தார். கேபிளின் முனையிலிருந்த சிவப்பு நூலை நகத்தால் மெல்ல அவிழ்த்து, சுருட்டி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.