பவுன் அண்ணியின் டோல் பெல்ட்

பவுன் அண்ணிக்கு நாற்பத்தெட்டாவது வயதில் டோல் அடிக்கும் ஆசை வந்தது. புனேக்காரர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: கணபதி ஊர்வலத்தில் ஐம்பது பேர், நூறு பேர் வரிசை கட்டி அடிக்கிற பெரிய மேளம் அது. பத்துக் கிலோவுக்குக் குறையாது. அதைக் கயிறு போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு, மணிக்கணக்கில் நடந்துகொண்டே அடிக்க வேண்டும். காலேஜ் பெண்களே மூன்றாம் நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். எங்கள் அண்ணி யாரிடமும் கேட்காமல் பெண்கள் குழுவில் பெயரைக் கொடுத்துவிட்டு வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் வாசுதேவனுக்குப் புனேயை அடுத்த தேஹு ரோடு ராணுவக் கிடங்கில் ஸ்டோர் கீப்பர் வேலை. அண்ணி கல்யாணமான மறுமாதமே திருப்பத்தூரிலிருந்து ஒரு கறுப்புத் தையல் மிஷினோடு ரயிலேறி வந்தவர். இருபத்தைந்து வருடமாகக் குவார்ட்டர்ஸ் பெண்கள் அத்தனை பேருக்கும் ரவிக்கை தைத்தது அவர்தான். அவர் தையலைப் பார்க்கவே கண்ணாடி போட வேண்டும், அவ்வளவு பொடி. அதில் அவருக்கு இருக்கிற கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. வங்கி வேலை கிடைத்து நான் அந்த வீட்டில் வந்து ஒட்டிக்கொண்டு ஆறு வருடமாகிறது.

தோல் வேலை என் கைப்பையால்தான் ஆரம்பித்தது. அதன் வார் அறுந்துபோக, ஸ்டேஷன் பக்கத்தில் செருப்புக் கடை வைத்திருக்கும் சலீம் பாயிடம் ஒரு துண்டுத் தோல் வாங்கி வந்து அண்ணி புது வார் போட்டுக் கொடுத்தார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை. ஓட்டை போட சைக்கிள் கம்பியைத் தரையில் தேய்த்துக் கூராக்கி, உடைந்த பூரிக்கட்டையின் காதைப் பிடியாகச் செருகிக்கொண்டார். மிஷினில் துணியை அழுத்துகிற பாதம் தோலில் ஒட்டி ஒட்டி நின்றது. குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பை அதன் அடிவழியாகச் சுற்றினார், வழுக்கிக்கொண்டு ஓடியது. ஓரத்தைத் தேய்த்து மினுமினுப்பாக்க எவர்சில்வர் டம்ளரின் அடிப்பாகம். எனக்கோ வீடு முழுக்கச் செருப்புக் கடை வாசனை. மூக்கைப் பொத்திக்கொண்டு நான் போட்ட சண்டைகளுக்குக் கணக்கே இல்லை.

டோல் பழகப் போன முதல் வாரமே கயிறு அண்ணியின் இடுப்பைப் பதம் பார்த்துவிட்டது. இரண்டு பக்கமும் ரத்தம் கட்டிக் கன்றிப்போயிற்று. போதும், விடுங்கள் என்றோம் அண்ணனும் நானும். அண்ணி கேட்டாரா? பழைய கம்பளியை உள்ளே வைத்து, நாலு விரல் அகலத்துக்குத் தோலில் ஒரு பெல்ட் தைத்தார். டோலை மாட்ட இரண்டு இரும்பு வளையம். தன் கர்வமெல்லாம் காட்டி, பொடித் தையலாகவே போட்டிருந்தார். பார்க்க அவ்வளவு லட்சணம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு நானும் போனேன். இருபது நிமிடம் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் 'டர்'ரென்று ஒரு சத்தம். வலது பக்க வளையம் தோலோடு பிய்ந்து வந்தது. டோல் தொப்பென்று சேற்றில் விழுந்து உருண்டு முன் வரிசைப் பெண்ணின் காலில் போய் இடித்தது. மொத்தக் குழுவும் நின்றுவிட்டது. சின்னப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

குழுவை நடத்துகிற ப்ரியம்வதா தாயி கறாரான ஆள். தாயி என்றால் மராத்தியில் அக்கா. அவர் கத்தவில்லை. வருகிற ஞாயிறு கடைசிப் பரீட்சை, நாற்பது நிமிடம் நிற்காமல் அடிக்க வேண்டும், மறுபடியும் டோல் விழுந்தால் ஊர்வலத்தில் தண்ணீர் பாட்டில் கொடுக்கிற வேலைதான் என்று மட்டும் சொன்னார். அண்ணியின் முகம் செத்துப்போயிற்று.

வெட்கம் கெட்ட ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேலி ஓரம் என் பக்கத்தில், மகளுக்காகக் காத்திருந்த ஒரு மராத்தி அம்மாள், யார் அந்தப் பெண்மணி, உங்களுக்குத் தெரிந்தவரா என்று கேட்டார். நான் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அண்ணி அப்போது வேலிப் பக்கமாக வந்து, குனிந்து பிய்ந்த வளையத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

திங்கள் முழுக்க அண்ணி கிழிந்த பெல்ட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நூல் அறவில்லை, தோலும் நல்ல தோல், பின்னே எப்படிப் பிய்ந்தது என்று அதே கேள்வி. செவ்வாய்க்கிழமை காலை நான் ஆபீசுக்கு நேரமாயிற்றென்று பறந்துகொண்டிருந்தேன். குளியலறைக் கதவில் தொங்கிய ஷாம்பூ சரத்திலிருந்து ஒரு பாக்கெட்டை 'டர்'ரென்று கிழித்தேன். அடுப்படியிலிருந்து அண்ணி ஓடி வந்து என் கையைப் பிடித்தார்.

"இன்னொரு வாட்டி கிழி."

பைத்தியம் முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டே கிழித்தேன். அண்ணி சரத்தைப் பிடுங்கி, இரண்டு பாக்கெட்டுக்கு நடுவில் வரிசையாக இருந்த பொடி ஓட்டைகளை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு பெல்ட்டைத் தூக்கிப் பார்த்தார். அச்சு அசல் அதே வரிசை. துணியில் நெருக்கித் தைத்தால் பலம். தோலில் ஒவ்வொரு குத்தும் ஓர் ஓட்டை. இருபத்தைந்து வருடக் கைப்பழக்கத்தில் அண்ணி, இங்கே கிழிக்கவும் என்று தானே கோடு போட்டு வைத்திருக்கிறார். அவருக்குச் சிரிப்பு வந்ததே ஒரு சிரிப்பு, ஈரத் தலையோடு நானும் கதவில் சாய்ந்துகொண்டு சிரித்தேன்.

அதற்கப்புறம் அண்ணியைப் பிடிக்க முடியவில்லை. தையலின் அளவை மாற்றுகிற குமிழைத் துரு உதிர உதிரப் பெரிய தையலுக்குத் திருப்பினார். மிஷின் வாழ்க்கையிலேயே அந்த எண்ணைப் பார்த்திருக்காது. மிதிக்காமல், சக்கரத்தைக் கையாலேயே ஒவ்வொரு குத்தாகச் சுற்றினார். வளையம் மாட்டுகிற இடத்துக்கு மிஷின் சரிப்படாது என்று கைத்தையல். ஓட்டைகள் சம தூரத்தில் விழ வேண்டுமே? எனக்கு வங்கியில் பரிசாக வந்த ஆறு ஃபோர்க்கில் ஒன்றை எடுத்து, பற்களை அரத்தால் கூராக்கி, சுத்தியலால் தோலில் ஒரே அடி. நாலு ஓட்டை, அளந்து வைத்த மாதிரி. முதல் ஃபோர்க் வளைந்துவிட்டது, இரண்டாவதையும் எடுத்துக்கொண்டார். நான் வாய் திறக்கவில்லை. திறக்காதது மட்டுமா, சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு நூலுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பெல்ட்டை ஜன்னல் கம்பியில் மாட்டி, இருபது கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டுப் பார்த்தார். அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பொடித் தூறல். தாயி விசில் ஊதினார். பத்து நிமிடம், இருபது நிமிடம். போன வாரம் பிய்ந்த நேரம் வந்தபோது நான் வேலிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தாண்டியது. இருபத்தைந்தில், பக்கத்திலிருந்த காலேஜ் பெண்ணின் கயிறு நழுவி டோல் சரிந்தது. அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முப்பதில் தாயி நேரே அண்ணியிடம் வந்து, அடித்துக்கொண்டிருக்கும்போதே வலது வளையத்தைப் பிடித்துத் தன் முழுப் பலத்தோடு கீழே இழுத்தார். அண்ணி ஒரு அடி முன்னால் தள்ளாடினார், தாளம் தப்பவில்லை. வளையம் வைத்த இடத்தில் இருந்தது. தாயி விட்டுவிட்டு, மழையில் நனைந்த தன் பட்டியலை எடுத்து ஏதோ எழுதினார். பிறகு மூன்று விரலைத் தூக்கிக் காட்டினார். ஊர்வலத்தில் மூன்றாவது வரிசை!

எப்போது குதிக்க ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியாது. குடை எங்கேயோ போய்விட்டது. அதே மராத்தி அம்மாள் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அன்றைக்கு டோலைக் கீழே போட்டவர்தானே, யார் அவர் என்று மறுபடியும் கேட்டார்.

"மாஜி வஹினி," என்றேன். மராத்தியில் மாஜி என்றால் என்னுடைய, வஹினி என்றால் அண்ணி. அது போதவில்லை. மைதானத்தைப் பார்த்துத் தமிழிலும் கத்தினேன். "எங்க அண்ணி!"

நாற்பது நிமிடம் முடிந்து டோலை இறக்கி வைத்துவிட்டு அண்ணி வேலிக்கு வந்தார். முகமெல்லாம் வேர்வையும் மழையும். பெல்ட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். சூடாக இருந்தது. தண்ணீரை மடக் மடக்கென்று குடித்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"இன்னா வைஷு, இன்னைக்குத் தெரியுதா நான் யாருன்னு?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அந்தப் பெல்ட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நான் அந்த வேலி ஓரத்திலேயே அழுதேன்.