‘தெரியல’ என்று சொன்னவர்

திங்கட்கிழமை முதல் வகுப்பு தொடங்குமுன் தகவல் வந்தது. எங்கள் கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்திய அருள்மேரி மாரடைப்பில் போய்விட்டார். ஊரெல்லாம் தண்ணீரைக் காய்ச்சச் சொன்னவருக்குத் தன் உடம்பைப் பார்க்க நேரமில்லை. அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது.

உங்களில் பலருக்கு அவரைத் தெர்மகோல் பெட்டியோடுதான் தெரியும். ஊருணித் தண்ணீரைக் கேன் கேனாக வடிகட்டி, வடிதாளில் தங்கியதை ஐஸில் வைத்துச் சென்னைக்கு எடுத்துப் போவார். அங்கே ஓர் ஆய்வகத்தில் பி.சி.ஆர். கருவி இருந்தது. வைரசின் மரபுப்பொருள் துளி இருந்தாலும் அதைப் பலமடங்கு பெருக்கிக் காட்டிவிடும். காரைக்குடி ஸ்டேஷனில் “என்ன மீனு டீச்சர்?” என்று கேட்காத ஆளில்லை. “பேரு தெரியாத மீனு. போய்த்தான் பாக்கணும்” என்பார். வேதியியல்காரியான எனக்குப் பெட்டியின் மறுபக்கத்தைப் பிடிக்கும் வேலை.

சாக்கோட்டைப் பக்கத்து ஊர் ஒன்றில் மஞ்சள்காமாலை பரவியது. ஊருணித் தண்ணீரில் பாக்டீரியா இல்லை என்று வழக்கமான சோதனை சொன்னது. அருள்மேரியின் சோதனையிலோ காமாலை வைரஸ் தெரிந்தது. வரத்துக் கால்வாய் ஓரத்துக் கக்கூஸ் குழிகள்மேல் அவருக்குச் சந்தேகம். ஊர்க்கூட்டத்தில் இதைச் சொன்னதும் ஊராட்சித் தலைவர் எழுந்தார்.

“நாங்க காலுகூட நனைக்காத தண்ணி டீச்சர். பிளீச்சிங் பவுடரும் போட்டிருக்கோம். நீங்க பாத்தது உசுரோட இருக்கா, செத்துக் கெடக்கா?”

நியாயமான கேள்வி. அந்தச் சோதனை வைரசின் தடயத்தைக் காட்டும். அது இன்னும் நோய் தருமா என்று காட்டாது. அருள்மேரிக்குப் பொய் வராது. “தெரியல” என்றார். அத்தோடு உட்கார்ந்துவிட்டார்.

“டீச்சருக்கே தெரியலையாம்ல!” என்று சிரித்துக்கொண்டே கூட்டம் கலைந்தது. மறுநாளும் குடங்கள் ஊருணிக்குத்தான் போயின. அடுத்த மாதம் தலைவரின் மருமகள் காமாலையோடு பிள்ளை பெற்று, பிள்ளையை மட்டும் விட்டுவிட்டு இறந்துபோனாள்.

“நீங்க உண்மையைத்தானே சொன்னீக” என்று தேற்றிப் பார்த்தேன்.

“உண்மைதான். பாதியில நிறுத்திட்டேனே” என்றார்.

அதன்பிறகு அந்தச் சொல்லை அவர் தனியாக விட்டதே இல்லை. “தெரியல. தெரியுற வரைக்கும் காய்ச்சிக் குடிங்க” என்று அந்த ஊரில் வீடு வீடாகச் சொன்னார். தலைவர் வீட்டு வாசலில் மட்டும் கடைசிவரை அவரால் ஏற முடியவில்லை. 

அடக்கத்துக்குத் தலைவர் வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்து வாசலில் என்னை நிறுத்தினார்.

“நீங்களும் படிச்சவுக. சொல்லுங்க டீச்சர், அன்னைக்கு அது உசுரோடதான் இருந்துச்சா?”

“தெரியலங்க” என்றேன். உடனே, “தண்ணியக் காய்ச்சிக் குடிக்கிறீகளா?” என்றும் கேட்டேன்.

“பேரனுக்கு நான்தான் காய்ச்சி ஆத்திக் குடுக்கேன். அந்த டீச்சர் எங்க வீட்டுக்கு மட்டும் வரவே இல்ல. பக்கத்து வீட்டுல சொன்னது எனக்குக் கேட்டுச்சு.”

இதை அருள்மேரி கேட்டிருக்க வேண்டும். உள்ளே மண் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்த இரண்டு வாக்கியங்கள். முதலாவதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட எனக்கு இனி உரிமையில்லை.