உள்ளே பார்த்துக் கட்டிய நாய்

ஏலக்காய் மணக்கிறதா என்று எந்த மூக்கும் சொல்லிவிடும். அதைப் பறித்தவர் இஷ்டப்பட்டுப் பறித்தாரா என்று முகர்ந்து சொல்லத் தனி மூக்கு வேண்டும், அந்த மூக்குக்குத்தான் எங்கள் கம்பெனி எனக்குச் சம்பளம் தருகிறது. வேண்டாத பதவியை வயசான காலத்தில் தலையில் சுமக்கும் சகபாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுப் படிப்பது உடம்புக்கு நல்லது. எந்தப் பாதி என்று மட்டும் கேட்காதீர்கள்.

பதவி வந்த விதம்

போடியில் எங்களுடையது சின்ன ஏலக்காய்க் கம்பெனி. மலைத்தோட்டங்களில் காய் வாங்கி, தரம் பிரித்து, பொட்டலம் போட்டு அனுப்புவோம். எங்களிடம் வாங்கும் வெளிநாட்டுக்காரர் ஒருநாள் தலையணை தடிமனுக்கு ஒரு படிவம் அனுப்பினார். உங்களிடமும், உங்களுக்குக் காய் தருகிறவர்களிடமும் அடிமைகள் யாரும் இல்லையென்று நேரில் பார்த்து எழுதவும் என்று கேட்டிருந்தார். முதலாளி ஸ்டெல்லா அம்மா, கிடங்கு சூப்பர்வைசராகவே கிழடு தட்டிப்போன என்னிடம் அதை நீட்டி, இனி இந்தச் சோதனைக்கெல்லாம் நானே அதிகாரி என்றார்.

"விருப்பமில்லாமல் வேலை பார்ப்பவர் யாரேனும் உண்டா?" என்ற கேள்விக்கு 'உண்டு' என்று டிக் அடித்து, என் பெயரை எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. "பெரியவரே, கதவு தெறந்துதான் இருக்கு. வெளிய போறீகளா, இல்ல டிக்க அழிக்கிறீகளா?"

புகார்ப் பெட்டி

படிவத்தில் சொன்னபடி புகார்ப் பெட்டி ஒன்று வாங்கினேன். யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதே என்று என் நாற்காலிக்கு எதிரிலேயே சுவரில் அறைந்தேன். யார் போடுகிறார்கள் என்று பார்க்க மூக்குக் கண்ணாடியையும் மாற்றினேன். ஒரு மாதம் ஒரு துண்டுச் சீட்டும் விழவில்லை. நம் கிடங்கு ராமராஜ்ஜியம் என்று எழுதி அனுப்பவிருந்தேன்.

நான் பல் பிடுங்கப் போயிருந்த நாளில் ஒரு சீட்டு விழுந்தது. ஆவலோடு திறந்தேன். காய் பொறுக்கும் பேச்சியம்மாளின் கையெழுத்து. ஒரே வரி: "எதுக்க ஒக்காந்து மொறச்சுப் பாக்குற பெரியவர மொதல்ல எடுக்கவும்."

நாய் மரியாதை

அடுத்து, மலைக்கு மேலே எங்களுக்குக் காய் தரும் தோட்டம் ஒன்றைப் பார்க்கக் கிளம்பினேன். ஜீப் ஒவ்வொரு வளைவிலும் என் எலும்பு ஒன்றைக் கழற்றி, அடுத்த வளைவில் வேறிடத்தில் மாட்டியது. போய்ச் சேர்ந்தபோது முழங்கை இருந்த இடத்தில் முழங்கால் இருந்தது. தோட்டத்தில் ஆட்களுக்குப் பொறுப்பு சின்னச்சாமி மேஸ்திரி. எங்கள் கிடங்கில் என் கீழே நாலு வருஷம் வேலை பார்த்தவன்; நான் தயாரித்த சரக்கு. கப்பைக்கிழங்கும் கோழிக்குழம்பும் போட்டான். ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த பெண்கள் தங்கியிருந்த லயத்தை, வரிசை வீடுகளை, காட்டினான். குறை உண்டா என்று நான் கேட்டபோதெல்லாம் அவர்கள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு இல்லையென்று தலையாட்டினார்கள். கூச்சம் என்று குறித்துக்கொண்டேன்.

லயத்து வாசலில் கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு கோம்பை நாய். முன்பின் தெரியாத என்னைப் பார்த்து அது வாய் திறக்கவில்லை. ஆனால் ஃபூல்மணி என்ற பெண் என்னை வழியனுப்ப வாசலைத் தாண்டி இரண்டடி வைத்ததும் மலையே அதிரக் குரைத்தது. என் முகராசிக்கு நாயும் கட்டுப்படுகிறது என்று வழியெல்லாம் பீற்றிக்கொண்டு வந்தேன். ஜீப் ஓட்டும் முருகன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "பெரியப்பா, அந்த நாய உள்ள பாத்துல்ல கட்டிப் பழக்கியிருக்காக. அங்கன வாரவுகளுக்கு இல்ல, போறவுகளுக்குத்தான் அது காவலு."

என் பாடம் எனக்கே

மறுவாரம் சொல்லாமல் கொள்ளாமல் போனேன். ஜீப் கெட்டுவிட்டதென்று முருகன் மேஸ்திரியைப் பானட்டுக்குள் தலையை விட வைத்தான். அந்த நேரத்தில் ஃபூல்மணி தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்: "அம்மா சீக்கு. ஊர் போகணும். ஆதார் மேஸ்திரி பெட்டி. கேட்டா, அப்புறம் அப்புறம்."

எனக்கு ரத்தம் கொதித்தது. மேஸ்திரியைக் கூப்பிட்டு, ஒருத்தர் அடையாள அட்டையை இன்னொருத்தர் பிடித்து வைப்பதே விலங்கு மாட்டுவதுதான் என்று படிவத்தின் ஒன்பதாம் பக்கத்தை ஒப்பித்தேன். அவன் கைகட்டிக் கேட்டான். முடிந்ததும் பணிவாகச் சொன்னான்: "நீங்க கத்துக் குடுத்ததுதானய்யா. ஒங்க கோடவுன் பொம்பளைக கார்டெல்லாம் இன்னமும் ஒங்க பீரோவுலதான தூங்குது?"

பிஸ்கட் டப்பா

தூங்கத்தான் செய்தது. என்றைக்கோ பேங்குக் கணக்குத் தொடங்க வாங்கியவை. தொலைத்துவிடுவார்கள் என்று பிஸ்கட் டப்பாவில் போட்டு, பீரோவில் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்தேன். பதினான்கு அட்டைகள். சத்தியமாகச் சொல்கிறேன், அதை இத்தனை நாளும் நான் செய்த தர்மம் என்றே நினைத்திருந்தேன்.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்தேன். யாராவது கும்பிடுவார்கள் என்று முகத்தைத் தயாராக வைத்திருந்தேன். மகளைக் கல்லூரியில் சேர்க்க அந்த அட்டை தேவைப்பட்டபோது என் பீரோவுக்கு மூன்று நாள் நடந்தவள் பேச்சியம்மாள். வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "எம் மூஞ்சி போட்ட கார்ட எங்கிட்ட குடுக்க, ஒங்களுக்கு ஃபாரின்ல இருந்து லெட்டர் வரணுமாக்கும்?"

சுத்தமான கை

அவமானத்தில் எனக்கு ஒரு புத்திசாலித்தனம் உதித்தது. அந்தத் தோட்டத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் காய் வாங்கலாம், படிவத்தில் அதன் பெயரே வராது, நம் கை சுத்தம் என்று ஸ்டெல்லா அம்மாவிடம் சொன்னேன். கப்பலுக்குச் சரக்குப் போகவேண்டிய நாளும் நெருங்கியிருந்தது.

அவர் தோட்டத்துக்காரருக்குப் போன் போட்டார். நாளைக்குள் எல்லோர் அட்டையும் அவரவர் கையில், வாசல் திறந்து, போக நினைப்பவர் போகலாம்; இல்லையென்றால் ஒரு காய் வாங்க மாட்டேன், லேபர் ஆபீசில் எழுதியும் கொடுப்பேன் என்றார். சரக்கு தாமதமாகுமே என்று நான் இழுத்தேன். "ஆகட்டும். நாம வேற தோட்டத்துக்குப் போயிருவோம் பெரியவரே, அந்தப் புள்ள எங்க போகும்?"

போடி ஸ்டேஷனில்

மறுநாள் தோட்டத்தில் அட்டைகள் அவரவர் கைக்கு வந்ததும் நானே போய் ஃபூல்மணியை அழைத்து வந்தேன். ஊரில் அவள் அம்மாவுக்குப் போனில் பேசும் அளவுக்கு இன்னும் தெம்பு இருந்தது. அது போதும் என்றிருந்தது அவளுக்கு. மதுரை போய் அங்கிருந்து ரயில் மாற வேண்டும். ஸ்டேஷனில் அவள் ஒரு கையில் பை, ஒரு கையில் அட்டை வைத்துக்கொண்டு நின்றாள். வரிசை நீளமாக இருந்தது. பழக்கதோஷம், என் கை தானாக நீண்டது: "கார்ட இங்கன குடும்மா, தொலச்சிரப் போற. பத்திரமா வச்சிருக்கேன்."

அவள் அட்டையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: "வேண்டாம் அய்யா. நான் பத்திரம்."

ஊரார் பூட்டையெல்லாம் ஆட்டிப் பார்க்கும் இந்த உத்தியோகத்தில், நீட்டிய கையை மடக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான வேலை.