ஷிபின் பெயரில் கிடந்த கட்டம்

துபாய் ஜெபல் அலியில் நான் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் கோடவுனில் செல்வசிங் டெக்னீஷியன். குளச்சல்காரர். பெட்டிகளைக் கொண்டுவரும் பெல்ட் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் சொல்லிவைப்பது அவர் வேலை. முன்பு அதை எழுத்தெழுத்தாகத் தட்டுவார். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் பெல்ட் அரைநாள் கிளம்பாது. பிறகு திரையில் கட்டளைகளைக் கட்டம் கட்டமாக எடுத்துவைக்கும் முறை வந்தது. பொருந்தாத இடத்தில் கட்டம் உட்காராது. காலியிடம் இருந்தால் மஞ்சளாக மின்னும்.

"இதுல எழுத்துப்பிழையே வராதுக்கா. இன்னும் கொஞ்ச வருசத்துல நீங்களே பெல்ட்ட ஓட்டிருவிய," என்பார்.

ஒருநாள் எதையோ அழுத்தினார். கட்டங்களெல்லாம் தமிழுக்கு மாறின. எட்டாம் வகுப்போடு நின்ற நான், 'கதவு திறந்தால் பெல்ட்டை நிறுத்து' என்று வாசித்துவிட்டேன். பெல்ட்டைச் சுற்றியுள்ள கம்பிக்கூண்டின் கதவு அது. அதன்பின் திரையைத் தமிழிலேயே விட்டுவைத்தார். என் மேசை அவர் நாற்காலிக்குப் பின்னால்.

அவருடைய ரூம்மேட் ஷிபினுக்கும் அதே வேலை. வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு ஒருவர் போனால், மற்றவர் கம்ப்யூட்டரில் அவர் பெயரிலேயே உட்கார்ந்து வேலையை முடிப்பார். டியூட்டியில் ஆள் இல்லை என்பது வெளியே தெரியாது.

"எம் பேரு திறந்து கெடக்கு. ராத்திரி க்ளீனிங்குக்கு உள்ளத சேத்துருண்ணே. ஒனக்கும் சேத்து ஜெபிச்சிட்டு வாரேன்," என்றான் ஷிபின்.

"ஒனக்கே பத்தாதுலே, போ."

'இரவு ஷிப்ட்' என்ற பெரிய கட்டத்துக்குள் செல்வசிங் சிலவற்றை இழுத்துப் போட்டார். கதவுக் கட்டமும் அவற்றோடு உள்ளே போனது. அங்கும் அது அழகாகப் பொருந்தியது. மஞ்சள் மின்னவில்லை. அப்படியானால் பகலில் கதவைத் திறந்தால் பெல்ட் நிற்காதே என்று எனக்குத் தோன்றியது. படித்தவர் செய்கிறார், நமக்கென்ன தெரியும் என்று அடுத்த ஸ்டிக்கரை எடுத்தேன்.

திங்கள் காலை, சிக்கிய பெட்டியை எடுக்க ஷிபின் கதவைத் திறந்து உள்ளே குனிந்தான். பெல்ட் நிற்கவில்லை.

ஒவ்வொரு கட்டத்தின் அடியிலும் அதை வைத்தவர் பெயர் இருக்கும். இறந்தவரே செய்த தவறு என்று அறிக்கை எழுதினார்கள். கதவுக்குப் புதுக் கட்டம் வைத்தார்கள். பழையதை விசாரணை முடியும்வரை அழிக்கக் கூடாது என்று, வேலை செய்யாமல் சாம்பல் நிறத்தில் விட்டுவைத்தார்கள். தினமும் காலையில் திரை திறந்ததும் அது வந்து நிற்கும். அடியில் 'ஷிபின்'. செல்வசிங் அந்த மூலையை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் வேலை செய்வார். பெல்ட் கிளம்பும்போது கதவுப் பக்கம் திரும்பிப் பார்ப்பார். நானும் பார்ப்பேன். அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

நாற்பதாம் நாள், மஸ்கட்டின் ரூவியில் நர்சாக இருக்கும் ஷிபினின் மனைவி ஜெஸி, அவன் சாமான்களை வாங்க வந்தாள். வாசலில் டாக்சி நின்றது.

"கேஸ் மூடிருக்கான்னு மூணு வாட்டி பாக்குற மனுசன். அவருக்கு எப்பிடிண்ணே கைதப்பிச்சி?"

செல்வசிங் என் பக்கம் திரும்பினார். "அக்கா, அன்னைக்கு நீங்க பின்னால இருந்தியல்லா?"

"இருந்தேன்."

அவர் தலை குனிந்தது. "ஜெஸி, அத வச்சது நாந்தான். அவன் ஜெபத்துக்குப் போயிருந்தான்."

ஜெஸி அழவில்லை. பையைக் கீழே வைத்தாள். "இத எழுதித் தருவியளா?"

"எழுதினா என்னய உள்ள வச்சிருவாவ, ஜெஸி."

"அவரு பேருல்லா அங்க கெடக்கு."

ஒரு டெலிவரி நோட்டின் பின்பக்கத்தில் மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனா என்னிடம் வந்தது. 'நான் பார்த்தேன்' என்று கீழே எழுதி, 'ஜன்னத்துல் ஃபிர்தௌஸ்' என்று என் பெயரையும் போட்டேன். ஜெஸி வெயிலில் நின்றபடி இரண்டு முறை வாசித்தாள்.

"யல்லா மேடம்," என்று அவசரப்படுத்தினார் டிரைவர்.

ஏறி உட்கார்ந்தவள் செல்வசிங்கைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"நாப்பது நாளா நீங்களும் தெரிஞ்சிட்டா இருந்திய?"

"ஆமா," என்றேன். அதற்குள் கண்ணாடி ஏறிவிட்டது.