நாற்பத்து மூன்றாம் படத்தின் இடது ஓரம்

ஒத்தோனியேல் பர்ரகானைப் பற்றிப் பள்ளிப் பதிவேடுகளில் மூன்று வரிகள்தாம் இருக்கின்றன. 1971 பிப்ரவரி 8: புகைப்படக்காரராக ஒப்பந்தம். 2003 டிசம்பர் 5: ஒப்பந்தம் முடிவு. 2012 நவம்பர் 17: பொன்விழாப் படக்காட்சியைத் தயாரித்தவர், ஊதியம் இல்லை. மூன்றையும் எழுதியவன் நான். அந்தப் பள்ளியில் நாற்பத்து நான்கு ஆண்டுகள் எழுத்தராக இருந்தேன். மூன்றாவது வரி குறைபட்டது என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும்.

ஒவ்வொரு ஆண்டும் படிப்பை முடித்து வெளியேறும் வகுப்புக்குப் புகைப்படங்களை ஒட்டி ஒரு முகப்பலகை செய்து தாழ்வாரத்தில் மாட்டுவோம். தலைமையாசிரியர் படம் ஒன்பது சென்டிமீட்டர் உயரம், ஆசிரியர்கள் ஆறு, மாணவர்கள் நான்கு. சமையல்காரி, தோட்டக்காரர், காவலாளி பலகையில் வருவதில்லை. ஒத்தோனியேல் முப்பத்து மூன்று பலகைகள் செய்தார். எல்லா முகங்களையும் நகம் வெட்டும் கத்தரியால் நீள்வட்டமாக வெட்டுவார். 1978இல் கணக்கு வாத்தியார் அளவுகோலோடு என் அறைக்கு வந்து கத்தினார்.

"எனக்கு ரெண்டு மில்லிமீட்டர் குறையுது, பர்ரகான்! பக்கத்துல இருக்கிற பூகோள வாத்தியார் என்னைவிட ஒசத்தியா?"

"மன்னிச்சுக்கங்க ஐயா. நாளைக்கே உங்களை வளத்துடறேன்" என்றார் ஒத்தோனியேல். சிரிக்காமல் சொன்னார். மறுநாள் புதுப் படம் அச்சிட்டு ஒட்டினார்.

அவர் மனைவி அர்ஹெமிரா எங்கள் பள்ளிச் சமையலறையில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை செய்தாள். 2011 மார்ச்சில் இறந்தாள். ஊர் முழுவதையும் படம் எடுத்தவரிடம் அவளுடைய படம் ஒன்றுகூட இல்லை. வீட்டில் இருந்த பெட்டியை 1999இல் மக்தலேனா ஆறு உள்ளே வந்து எடுத்துக்கொண்டு போயிற்று. அடையாள அட்டையை இறப்பைப் பதிந்த அலுவலகம் வாங்கி வைத்துக்கொண்டது. மிஞ்சியது பள்ளியின் மாடிச் சுவரில் சட்டமிட்டு மாட்டியிருந்த 1984ஆம் ஆண்டுக் குழுப்படம். அகலம் முப்பது சென்டிமீட்டர், உயரம் பதினைந்து.

அந்தப் படம் எடுத்த நாள் நானும் வரிசையில் நின்றேன். முகப்பலகையின் முறையேதான் அங்கேயும். நடுவில் தலைமையாசிரியர், இரு புறமும் ஆசிரியர்கள், பிறகு மாணவர்கள், கடைசி ஓரங்களில் வேலையாட்கள். நான் நடுவிலிருந்து ஏழாவது ஆள். அர்ஹெமிரா சூப் கிண்டும் நீண்ட மரத்துடுப்போடு சமையலறையிலிருந்து ஓடிவந்து, தெரிந்த முகம் என்று என் பக்கத்தில் நின்றாள். காமிராவுக்குப் பின்னாலிருந்து ஒத்தோனியேல் கையை வீசினார்.

"அங்க இல்ல, அர்ஹெமிரா. இடது பக்கம் போ. இன்னும். இன்னும் போ."

"இதுக்கு மேல போனா ஆத்துலதான் விழணும், மனுஷா!"

எல்லோரும் சிரித்தோம். படத்தில் அத்தனை பேரும் சிரித்த முகமாக இருப்பது அதனால்தான். அவள் இடது விளிம்பிலிருந்து சரியாக மூன்று சென்டிமீட்டரில் நிற்கிறாள்.

பொன்விழாவுக்குப் படக்காட்சி வேண்டும் என்று பேச்சு வந்தபோது ஒத்தோனியேல் தானாகவே வந்து கேட்டார். அப்போது அவருக்கு அறுபத்தொன்பது வயது. கணினியை நகராட்சி நூலகத்தில் கற்றிருந்தார். என் அறையில் மூன்று வாரம் உட்கார்ந்து நூற்றுப் பன்னிரண்டு படங்களை ஸ்கேன் செய்தார். சும்மா விட்டால் சிறிய படங்கள் திரை நடுவே தபால்தலை மாதிரி நின்றன. ஒவ்வொன்றுக்கும் அளவு வைக்க வேண்டியிருந்தது. 'அசல் அளவு', 'திரைக்குள் அடக்கு', 'திரையை நிரப்பு' என்று மூன்று வழிகள் அந்த மென்பொருளில் இருந்தன. அடக்கினால் படம் முழுதாக வரும், மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். நிரப்பினால் பட்டை போய்விடும், ஆனால் திரைக்கு வெளியே பிதுங்குவதை மென்பொருள் வெட்டிவிடும்.

குழுப்படம் நாற்பத்து மூன்றாவது. முதலில் அர்ஹெமிராவின் முகத்தை மட்டும் தனியாகப் பெரிதாக்கிப் பார்த்தார். அச்சில் அந்த முகம் நான்கு மில்லிமீட்டர். பெரிதாக்கப் பெரிதாக்கச் சாம்பல் நிறக் கட்டங்கள்தாம் வந்தன. ஒரு மாலை முழுக்க அந்தக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முழுப்படத்தையே 'அடக்கு' என்று வைத்தார். எங்கள் திரை இரண்டு மீட்டர் நாற்பது அகலம். அதில் அவள் முகம் மூன்று சென்டிமீட்டர் இரண்டு மில்லிமீட்டர் வரும் என்று நான் கணக்கிட்டுச் சொன்னேன்.

"போதும், தோன் ஏவேலியோ. முன்னால உக்காந்தா தெரியும். மத்ததுக்கெல்லாம் ஆறு நொடி. இதுக்கு மட்டும் இருபது வெச்சிருக்கேன். அம்பது வருஷத்துல ஒரு தடவ அவ அந்தச் சுவத்துல நிக்கட்டுமே."

கணினித் திரையின் மூலையில் டிக் போடும் ஒரு கட்டத்தையும் அவர்தான் எனக்குக் காட்டினார். அதைக் குறித்தால் எல்லாப் படங்களும் திரையை நிரப்பும். தனித்தனியாக வைத்த அளவு எதுவும் செல்லாது.

"இதுல மட்டும் யாரும் கை வெக்காம பாத்துக்கங்க."

"யாரு வெக்கப் போறா? நான் பக்கத்துலதானே இருப்பேன்."

விழா சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு. இரண்டு மணிக்கு ஒத்தோனியேல் வெள்ளைச் சட்டை மாற்றிவர வீட்டுக்குப் போனார். இரண்டு நாற்பதுக்குப் பள்ளியின் ஒருங்கிணைப்பாளர் யமிலே ரொந்தோன் வந்தாள். வயது முப்பத்து நான்கு. பெரியவர்களை மரியாதையாக 'தோன்' என்பதுபோல, எங்கள் ஊர் வழக்கப்படி படித்த அதிகாரியான அவளை எல்லோரும் தொக்தோரா, அதாவது டாக்டரம்மா, என்றுதான் அழைப்போம். படங்களை ஓட்டிப் பார்த்தாள்.

"என்ன இது, மேலயும் கீழயும் கறுப்பா? துக்க அட்டை மாதிரி இருக்கு. மேயர் வர்றாரு, தோன் ஏவேலியோ!"

"தோன் ஒத்தோனியேல் ஒவ்வொரு படத்துக்கும் அளவு வெச்சிருக்காரு, தொக்தோரா."

"அதான் ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசா கிடக்கு. நீங்க உங்க நோட்டைப் பாருங்க."

கட்டத்தைக் குறித்தாள். போய்விட்டாள். நான் நோட்டில் எழுதினேன்: மணி 2.40, பட அளவு மாற்றம். இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அந்தக் குறியை எடுக்க ஒரு சொடுக்கு போதும். என் ஓய்வுக்கான பணிச் சான்று அவள் மேசையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. நான் பேனாவைத் துடைத்து மூடி வைத்தேன்.

திரைச்சீலைகளை இழுத்துவிட்டு மூன்று மணிக்குத் தொடங்கினோம். இருநூற்று நாற்பது பேர். நான்காவது படத்தில் பள்ளியை நிறுவியவரின் நெற்றியும் தாடையும் வெட்டுப்பட்டு மூக்கு மட்டும் சுவர் நிறைய வந்தது. மாணவர்கள் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒத்தோனியேல் திரும்பி என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன்.

நாற்பத்து மூன்றாவது படம் நான்கு நிமிடம் பன்னிரண்டாவது நொடியில் வந்தது. தலைமையாசிரியர் பிரமாதமாக இருந்தார். நானும் தெளிவாக இருந்தேன், மீசைகூடத் தெரிந்தது. இடது விளிம்பில் மரத்துடுப்பின் நுனி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"டேய், அந்தக் கட்டையை யாருடா பிடிச்சிருக்கா? பேயா?" என்றான் ஒருவன்.

"தலைமையாசிரியரை அடிக்க வருது!" என்றான் இன்னொருவன். அரங்கமே சிரித்தது.

இருபது நொடி நீளமானது. ஒத்தோனியேல் எழுந்தார். திரைக்குக் குறுக்கே நடந்து இடது பக்கம் போனார். அவர் நிழல் ஆசிரியர்கள் மேல் விழுந்து நகர்ந்தது.

"உக்காருங்க பெரியவரே! ஆளுங்களை மறைக்கிறீங்க!"

திரை முடிந்த இடத்துக்கு அப்பால், வெறும் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அடுத்த படம் வந்தது. படகுப் போட்டி. கையை எடுத்துவிட்டுப் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனார். வாழையிலையில் கட்டி வேகவைத்த சோளமாவுத் தமால் எல்லோருக்கும் கொடுத்தோம். அவருடையது மேசையில் ஆறிப்போயிற்று.

திங்கட்கிழமை காலை நான் அரங்கத்துக்குப் போய் அளந்தேன். வெட்டுப்பட்ட படத்தில் அவள் நிற்க வேண்டிய இடம் திரை விளிம்புக்கு வெளியே இருபத்து நான்கு சென்டிமீட்டர். சுண்ணாம்புச் சுவரில் அவருடைய ஐந்து விரல்களும் படிந்திருந்தன. நடுவிரல் இருபத்து மூன்றரையில் இருந்தது.

பத்து மணிக்கு அவர் என் அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"எத்தன மணிக்கு மாத்துனாங்க?"

"ரெண்டு நாற்பது."

"மூணு மணிக்குத்தானே ஆரம்பிச்சீங்க?"

"ஆமா."

"நீங்க எழுந்து எங்கயாவது போனீங்களா?"

"இல்ல."

தலையை ஆட்டினார். மாடியிலிருக்கும் குழுப்படத்தைச் சட்டத்தோடு தர முடியுமா என்று கேட்டார். நான் போய் யமிலே ரொந்தோனிடம் கேட்டேன். பள்ளிச் சொத்துப் பட்டியலில் உள்ளதை வெளியே கொடுக்க முடியாது என்றாள். அந்தப் பட்டியலை எழுதியவனும் நான்தான், வரிசை எண் 318. திரும்பி வந்து சொன்னேன்.

"அன்னிக்குப் படம் எடுக்கறப்ப நானும் இருந்தேனே" என்றார் ஒத்தோனியேல். "'இன்னும் போ, இன்னும் போ'ன்னு நான்தானே தள்ளி விட்டேன். அப்புறம் உங்கள என்ன சொல்றது." கதவருகே நின்று என் மேசையிலிருந்த நோட்டைக் காட்டினார். "இதையெல்லாம் அதுல சரியா எழுதியிருப்பீங்க."

எழுதியிருந்தேன். விழாக் குறிப்பின் நான்காம் பக்கம்: படக்காட்சி, 11 நிமிடம் 26 நொடி. இடையூறு: ஒருவர் எழுந்து நின்றார், 20 நொடிக்கும் குறைவு.

அவர் பள்ளிக்குள் மறுபடி வரவில்லை. 2014 ஆகஸ்டில் இறந்தார். அடக்கத்துக்கு நான் போகவில்லை. என் பணிச் சான்று, விழா முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமையே கையெழுத்தாகி வந்திருந்தது. தேதி, பெயர், ஆண்டுகள் எல்லாம் சரியாக இருந்தன.