வேம்பு அடைவைத்த மயில் முட்டைகள்

வேம்பு அக்காவுக்கு எங்கள் தெருவில் நல்ல பெயர் கிடையாது. வாய் அதிகம் என்பார்கள். திருவையாற்றுக்குத் தெற்கே, குடமுருட்டிக் கரையில் குத்தகை நிலத்தில் தனியாளாக நெல் போடுகிறார். அதே நிலத்தில் அவர் அம்மா கூலிக்கு நாற்று நட்டவர்.

குறுவை அறுவடைக்கு மெஷின் இறங்க வழி வெட்டியபோது புதரிலிருந்து ஒரு பெண்மயில் எழுந்து பறந்தது. கீழே முட்டைகள். மெஷின் சத்தத்தில் மயில் திரும்பவே இல்லை. எங்கள் பக்கத்தில் இப்படிக் கிடைத்தால் அடைக்கோழிக்கு அடியில் வைத்துவிடுவார்கள். மயில் முட்டையைத் தொடக் கூடாது என்ற சட்டம் தெரியாமல் இல்லை. முட்டை வீணாகிறதே என்பதுதான் முதலில் தோன்றும். அக்காவும் வைத்தார். பொரித்த குஞ்சுகளில் சில கீரிக்குப் போயின, சில இறக்கை முளைத்ததும் வயலோடு போயின. ஒன்று மட்டும் கோழியை விட்டு நகரவில்லை. அது பால் தூக்கலாக விட்ட காப்பி நிறத்தில் இருந்தது.

யாரோ அதை வீடியோ எடுத்துப் போட, மார்கழி மாதத்தில் வனத்துறையிலிருந்து வனவர் அமிர்தலிங்கம் வந்து நின்றார்.

"எங்கேர்ந்தும்மா வாங்கின?"

"எங்க வயல்ல கிடந்த முட்டைங்க."

அவர் விரலை நனைத்து இறகைத் தேய்த்துப் பார்த்தார்.

"சாயம் போகுதான்னு பாக்குறீங்களா? என் தலைக்கே போட வழியில்ல, மயிலுக்கா போடப்போறேன்?"

அவர் சிரிக்கவில்லை. "இந்தக் கலரு பண்ணைல வளக்குறது. முட்டைய எடுத்தது ஒரு தப்பு, எச்சரிச்சு விடலாமான்னு மேல கேட்டுப் பாக்கலாம். கடத்தி வந்தத நீ வாங்கியிருந்தீன்னா உள்ளதான் போவணும்."

அக்கா என் பக்கம் திரும்பினார். "கயலு, நீதான் படிச்சிருக்கியே. சொல்லேன்டி."

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். படித்தது விலங்கியல். என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. சொன்னேன். மயிலில் இந்த மாதிரி நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணு இசட் குரோமோசோமில் இருக்கிறது. சேவலுக்கு இரண்டு இசட். ஒன்றில் பிசகு இருந்தாலும் மற்றது மறைத்துவிடும். பார்க்க நீலமாகவே இருக்கும். பெட்டைக்கு ஒரே இசட், அதுவும் அப்பாவிடமிருந்து வருவது. பிசகானது வந்துவிட்டால் மறைக்க வேறொன்று இல்லை.

"அப்ப இது பொட்டையா இருந்தா இந்தம்மா சொல்றது நடந்திருக்கலாம்?"

"ஆமா சார்."

"சேவலா இருந்தா?"

"ரெண்டு இசட்டுமே பிசகா இருக்கணும். அதுல ஒண்ணு அம்மாகிட்டேர்ந்து வர்றது, அப்ப அம்மாவுக்கும் இதே நிறம் இருந்திருக்கணும்."

"அம்மா என்ன நிறம்?"

"சாதா மயிலுதான்" என்றார் அக்கா. "மெஷின்காரரும் பாத்தாரு."

"இதுக்குப் பேரு ஏதும் வெச்சிருக்கியா?"

"ராசா."

ஆண் பெயர். நான் தடுப்பதற்குள் அக்கா தொடர்ந்தார்.

"இத்துனூண்டு வால விரிச்சுக்கிட்டு ஆடுதுங்க. பொட்ட ஆடுமா?"

சின்ன வயதில் இரண்டும் ஆடும் என்று படித்திருக்கிறேன். ஆனால் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது. வனவருக்கும் தெரியவில்லை. ஆணா பெண்ணா என்று பரிசோதனைக்கு அனுப்ப இறகு பிடுங்கிக் கவரில் போட்டுக்கொண்டு, குஞ்சைக் கூடையில் வைத்து எடுத்துப் போனார்.

அதன் பிறகு அக்கா குழாயடியில் யாருடனும் சண்டை போடவில்லை. என்னிடம் மட்டும் கேட்டார்: "நான் உள்ள போயிட்டா, தாளடி நெல்லுல தண்ணி நின்னா வடிய விட யாருடி இருக்கா?"

நான் பழைய பாடங்களை மறுபடி எடுத்தேன். வெளிறிய நிறம் இசட்டோடு மட்டும் வருவதில்லை. வேறு குரோமோசோம் வழியாக, தாய் தந்தை இருவரிடமும் மறைந்திருந்தும் வரலாம். அப்படியானால் சாதாரண நிறத் தாய்க்கும் வெளிறிய சேவல் பிறக்கும். எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும், அதுதான் எல்லாம் என்பதுபோலச் சொல்லியிருக்கிறேன். தெரிந்துகொள்ளவா படித்தேன், ஊர் முன்னால் தெரிந்தவளாக நிற்கவா?

அக்காவைக் கூட்டிக்கொண்டு வனத்துறை அலுவலகத்துக்குப் போனேன்.

"சேவலா இருந்தாலும் இவங்க சொல்றது பொய்யாகாது சார். அன்னிக்கு நான் முழுசாச் சொல்லல."

"அன்னிக்கு அடிச்சுச் சொன்ன. முடிவு வர்ற நேரத்துல மாத்துற. இந்தம்மா சொல்லிக் குடுத்தாங்களா?"

"நான் ஏன் சொல்லிக் குடுக்குறேன்? இவ சொல்றது எனக்கு அன்னிக்கும் புரியல, இன்னிக்கும் புரியல" என்றார் அக்கா.

வனவர் போனை எடுத்துப் பரிசோதனைக் கூடத்தைக் கூப்பிட்டார். நெடுநேரம் காதில் வைத்திருந்தார். அக்கா சேலை முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"பொட்டை" என்றார் வனவர், போனை வைத்துவிட்டு. "வாங்கினதுக்கு ஆதாரமில்லன்னு எழுதிடுறேன். குஞ்சு எங்ககிட்டதான் இருக்கும். இனிமே முட்டையத் தொட்ட, நானே வந்து கூட்டிட்டுப் போவேன்."

அக்கா எனக்கு முன்னால் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். அங்கே நின்று கேட்டார்.

"சேவலா இருந்திருந்தா, நீ மொதல்ல சொன்னதே என்னைய உள்ள தள்ளியிருக்கும்ல?"

"ஆமாக்கா."

"ஒன்ன நம்பினதுக்கு அந்த ஆளு கால்ல விழுந்திருக்கலாம்."

பஸ் வந்தது. ஏறியவர் என் பக்கத்து இடம் காலியாக இருக்க, முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். ஆனால் கண்டக்டர் வந்தபோது, திரும்பிப் பார்க்காமலே, "ரெண்டு" என்றார்.